குரலுக்கு ஏடு எங்கே?

செல்வம் கொழிக்கும் நாடுகளிலே தொலைக்காட்சித் தொழிலார் கைக்கொள்ளும் வழக்கமொன்று உண்டு. மக்கள் விரும்பிப் பார்த்த தொடர் நாடகமொன்று முடிந்து பத்து இருபது ஆண்டுகள் கழிந்தபின், அதில் நடித்த அதே நடிகர்களைத் தேடிப்பிடித்து, அதே பாத்திரங்களை மீண்டும் ஏற்கச் செய்து, அக்கதையின் பிற்காலத்தை முழுநீளப் படமாக எடுத்து வெளியிடுவார்கள். நடிகர்களுக்குத் தலை நரைத்திருக்கும், நடை தளர்ந்திருக்கும், குரல் மட்டும் அதே குரலாக இருக்கும். பார்ப்பவர்களும் அவர்களோடு கூடவே முதிர்ந்தவர்கள் ஆதலின், பிரிந்த உறவினரைக் கண்டாற் போன்ற ஓர் உவகை வீடுதோறும் எழும்.

இதனை வெறும் வியாபாரம் என்று ஒதுக்குவாரும் உளர். பழமை மோகம் என்று நகைப்பாரும் உளர். அவ்வாராய்ச்சி அவர்களோடு நிற்க. நமக்குரிய கேள்வி வேறு. என்றேனும் ஒருநாள், நம் மக்களை மகிழ்வித்த நம் நடிகர்களை அவ்வாறு கூட்ட எண்ணினால், யாரைக் கூட்டுவது? எங்கிருந்து கூட்டுவது? எதை வைத்துக்கொண்டு கூட்டுவது? இது பொழுதுபோக்குப் பற்றிய கேள்வியன்று. ஒரு சமுதாயம் தன் குரலைத் தன் கைவசம் வைத்திருக்கின்றதா என்பது பற்றிய கேள்வி.

சட்டம் பயின்றோருக்கு இனிக்கும் உதாரணமொன்றை முதற்கண் எடுத்துக்கொள்வோம். ஏர்ல் ஸ்ரான்லி கார்ட்னர் என்னும் அமெரிக்க வழக்கறிஞர் எழுதிய துப்பறியும் நவீனங்களின் நாயகன் பெரி மேசன். குற்றஞ் சாட்டப்பட்ட நிரபராதிகளுக்காக மன்றேறி, குறுக்கு விசாரணையாலேயே உண்மைக் குற்றவாளியின் முகமூடியைக் கிழிப்பவர் அவர். அக்கதைகள் 1957 முதல் 1966 வரை 271 அங்கங்களாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. றேமண்ட் பேர் என்பவர் மேசனாகவும், பார்பரா ஹேல் என்னும் அம்மையார் அவரது காரியதரிசி டெல்லாவாகவும் நடித்தனர். தொடர் நின்று 19 ஆண்டுகள் சென்றபின், 1985 டிசம்பரில், இருவரும் மீண்டும் திரையிற் தோன்றினர். கதை என்ன? டெல்லாவின் மீதே கொலைக்குற்றம் விழுகின்றது. நீதிபதியாக உயர்ந்துவிட்ட மேசன், பதவியைத் துறந்து, அவளுக்காக வாதாட மீண்டும் மன்றத்துக்கு வருகின்றார்.

ஆயினும் எல்லோரும் திரும்பி வரவில்லை. துப்பறிவாளர் போல் டிரேக்காக நடித்த வில்லியம் ஹொப்பர் 1970இலேயே மறைந்துவிட்டார். அரச தரப்பு வழக்கறிஞராக நின்று மேசனிடம் ஓயாது தோற்றுக்கொண்டிருந்த வில்லியம் டால்மனும் 1968இல் மறைந்துவிட்டார். ஆகவே டிரேக்கின் இடத்துக்கு அவரது மகன் என்றொரு பாத்திரத்தைப் படைத்தார்கள். அதில் நடித்தவரோ பார்பரா ஹேலின் சொந்த மகன் வில்லியம் கட். ஒரே படமாகத் தொடங்கிய இம்முயற்சி, 1993இல் பேர் மறையும்வரை அவர் நடித்த 26 படங்களாக வளர்ந்தது.

இஃது எவ்வாறு இயன்றது? நடிகர் இருவர் உயிரோடிருந்தமை ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், பழைய அங்கங்கள் அழியாமல் இருந்தமையும், இடைப்பட்ட ஆண்டுகளில் அவை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பப்பட்டமையுமே. தந்தை பார்த்ததை மகனும் பார்த்தான். எனவே மேசன் திரும்பி வந்தபோது, வந்தவர் யார் என்று எவரும் கேட்கவில்லை.

அண்டை நாடான இந்தியாவிலும் இது நிகழ்ந்தது. 2002இல் தொடங்கிய 'கிச்சடி' என்னும் இந்தி நகைச்சுவைத் தொடரின் நடிகர்கள் 2010இற் திரைப்படமொன்றிற் கூடினர். 2023இல் இரண்டாம் படத்திலும் கூடினர். 1987இலும் 1988இலும் தூரதர்ஷனில் ஒளிபரப்பான இராமானந்த் சாகரின் 'இராமாயணம்' தொடருக்குப் புதுப்படமே தேவைப்படவில்லை. 2020இற் பெருந்தொற்றுக்கு அஞ்சி நாடு வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, பழைய அங்கங்களையே மீண்டும் ஒளிபரப்பினார்கள். தொடர் முதன்முதல் வந்தபோது பிறந்திராத பிள்ளைகள், பாட்டன் பாட்டியரோடு அமர்ந்து பார்த்தனர். முப்பத்து மூன்று ஆண்டுகளாக யாரோ ஒருவர் அந்நாடாக்களைக் காத்து வைத்திருந்ததால் வந்த பயன் அது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நமக்கு இவ்வாறு ஒன்றுமே இருந்ததில்லை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். ரூபவாஹினி தொடங்கியது 1982இல். அதற்கு முன்னைய காலமெல்லாம் வானொலிப் பெட்டியே நம் வீட்டுக் கூத்துக் களரி. சானா என்று அன்போடு அழைக்கப்பட்ட சண்முகநாதன் இலங்கை வானொலியிலே தமிழ் நாடகத்துக்கு உயிரூட்டினார். அவரது 'இலண்டன் கந்தையா' வீட்டுக்கு வீடு பேச்சாயிற்று. 1970களிற் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' கேட்போரைக் கண்கலங்க வைத்தது. அதே காலத்தில் எஸ். இராம்தாஸ் எழுதிய 'கோமாளிகள்' தொடர் கேட்போரை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தது.

கோமாளிகள் நால்வர். மரிக்கார் முஸ்லிம் மக்களின் பேச்சுத் தமிழிற் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். உபாலி, சிங்களவர் ஒருவர் தமிழ் பேசினால் எப்படி ஒலிக்குமோ அப்படிப் பேசுவார். ஐயர் அந்தணர் வழக்கிற் பேசுவார். மரிக்காராக இராம்தாஸ், அப்புக்குட்டியாக இராஜகோபால், உபாலியாகச் செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீத் ஆகியோர் நடித்தனர். மக்கள் இவர்களுடைய சொந்தப் பெயர்களோடு பாத்திரப் பெயர்களையும் சேர்த்தே அழைக்கலாயினர். குரலால் மட்டுமே அறிமுகமான இந்த நால்வரும் 1976ஆம் ஆண்டில் 'கோமாளிகள்' என்ற பெயரிலேயே திரைப்படமொன்றிற் தோன்றினார்கள். அமெரிக்காவிலே பழகிய முகங்களை மக்கள் மீண்டும் கண்டார்கள். இங்கே பழகிய குரல்களுக்கு மக்கள் முதன்முதலாக முகங்களைக் கண்டார்கள். கூட்டம் கூட்டியது ஒன்றே: அதே நடிகர், அதே பாத்திரம், அதே அன்பு.

இந்த நால்வர் சேர்க்கையை ஊன்றி நோக்குங்கள். மரிக்காராக வந்தவர் முஸ்லிம் அல்லர். ஐயராக வந்தவரோ முஸ்லிம். உபாலியாக வந்தவர் தமிழர். ஒருவன் மற்றவனுடைய நாவை இரவல் வாங்கிப் பேசினான். கேட்டவர்கள் அதனைப் பகையாகக் கொள்ளவில்லை. இனங்களுக்கிடையே நம்பிக்கை நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்த 1970களிலே, ஒரு கூரையின் கீழ் நால்வரும் சண்டையிட்டுச் சிரித்துச் சமாதானமாகினர். பிட்டும் தேங்காய்ப்பூவும் போலத் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்தோம் என்று மட்டக்களப்பு மண்ணிலே நாம் இன்றும் மேடைதோறும் முழங்குகின்றோம். அவ்வாழ்வு எப்படி ஒலித்தது என்று இன்றைய பிள்ளை கேட்டால், எதை எடுத்துக் காட்டுவோம்? ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் இடையே நடந்த கசப்புகளைப் பட்டியலிட்டு ஒப்புவிக்க எல்லோராலும் முடியும். சேர்ந்து சிரித்ததற்குச் சாட்சி வேண்டும்.

எனது தலைமுறை அந்நாடகங்களை ஒலிபரப்பான வேளையிற் கேட்ட தலைமுறையன்று. நாற்பது வயதினராகிய நாங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டவர்கள். பிறர் சொல்லக் கேட்டதை நீதிமன்றம் செவிவழிச் சாட்சி என்று தள்ளிவிடும். நேரிற் கேட்டவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்துகொண்டிருக்கின்றார்கள். அவர்கள் போனபின் எஞ்சுவது செவிவழிச் செய்தி மட்டுமே. ஒலிப்பதிவோ அவ்வாறன்று. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சிறப்பேற்பாடுகள் சட்டம், நிகழ்வின்போதே செய்யப்பட்ட ஒலிப்பதிவை நீதிமன்றத்திற் சாட்சியமாக ஏற்க வழிசெய்துள்ளது. நீதிமன்றம் ஏற்கும் சாட்சியத்தைச் சமுதாயம் குப்பையில் எறியலாமா?

சாட்சிகள் எவ்வாறு சிதறின என்பதை நாம் அறிவோம். 1983 யூலையிற் கொழும்பு எரிந்தபோது, திரைப்படத் துறையின் முதுகெலும்பாக விளங்கிய தமிழர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவும் எரிக்கப்பட்டது. அங்கே கருகிய படச்சுருள்களிற் சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் இருந்தன. தமிழனின் சொத்து என்று எண்ணித் தீ வைத்தவர்கள் தங்கள் மொழியின் கலையையும் சேர்த்தே எரித்தார்கள். தீக்குத் தப்பிய கலைஞர்கள் திசைக்கொருவராகச் சென்றார்கள். மரிக்கார் இராம்தாஸ் 2016இல் மறைந்தது சென்னையில். 'தணியாத தாகம்' நாடகத்தில் நடித்தவரும், 'அண்ணை றைட்' என்னும் தனிநடிப்பால் ஊரெங்கும் புகழ்பெற்றவருமான கே.எஸ். பாலச்சந்திரன் 2014இல் மறைந்தது ரொறன்ரோவில். இராம்தாஸுக்கு முன்னரே செல்வசேகரனும் மறைந்துவிட்டார். பெரி மேசன் படத்தில் வெற்றிடமானவை ஓரிரு நாற்காலிகள். நம் அரங்கிலோ, எஞ்சியிருக்கும் நாற்காலிகளை எண்ணுவதே எளிது.

மட்டக்களப்பாருக்குத் தீ மட்டும் பகையன்று. 1978 நவம்பரிற் சூறாவளி நம் கூரைகளைப் பெயர்த்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடிக் கரையையும் நாவலடியையும் துடைத்துச் சென்றது. போன உயிர்களுக்கு ஈடேது? அவ்வுயிர்களோடு அலுமாரிகளும், அலுமாரிகளுக்குள் இருந்த புகைப்படங்களும், கசெற்றுகளும் போயின. எஞ்சியவற்றை உப்புக்காற்றும் ஈரமும் நாளும் அரிக்கின்றன. ஒலிநாடா நெல்லைப் போன்றதன்று. மூட்டையிற் கட்டி மூலையில் வைத்தால் அடுத்த போகத்துக்கு முளைக்காது. காந்தப் பூச்சு உதிர்ந்துவிட்டால் குரலும் உதிர்ந்துவிடும்.

'கலை அழியாது, ஒருவர் போனால் இன்னொருவர் வருவார்' என்று ஆறுதல் சொல்வாருக்கு நம் கூத்தையே எடுத்துக்காட்டி விடை பகர்வேன். வடமோடியாயினும் தென்மோடியாயினும், கூத்துக்கு ஏடு உண்டு. ஏட்டை வைத்திருக்கும் அண்ணாவியார் உண்டு. அருச்சுனனாக ஆடியவன் காலமானால், அவன் மகனுக்கோ மருமகனுக்கோ அண்ணாவியார் தாளம் சொல்லிக் கொடுத்து, சதங்கை அணிவித்து, களரியில் ஏற்றிவிடுவார். ஆட்டக்காரன் மாறுவான், கூத்து நிற்கும். பேராசிரியர் வித்தியானந்தன் 1964இற் பேராதனையில் மேடையேற்றிய 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிய நம் மட்டக்களப்பு மௌனகுரு, பல்லாண்டுகள் கழித்து, தாமே நெறியாளராக நின்று, புதிய மாணவரைக் கொண்டு அதனை மீண்டும் மேடையேற்றினார். இதுவும் ஒரு மீள்கூடலே. மேலைநாட்டார் பழைய நடிகரைத் தேடுகின்றனர். நாம் பழைய ஏட்டைத் தேடுகின்றோம்.

வானொலி நாடகத்துக்கோ அந்த வசதி இல்லை. மரிக்காரின் வசனத்தைத் தாளில் எழுதி வைத்தாலும் மரிக்கார் கிடைக்கமாட்டார். ஒரு சொல்லை எங்கே இழுத்தார், எங்கே விழுங்கினார், எந்த இடத்தில் மூச்சை நிறுத்திச் சிரிப்புக்கு இடம் விட்டார் என்பவை எழுத்தில் நில்லா. அங்கே குரல்தான் ஏடு, ஒலிநாடாதான் அண்ணாவியார். நாடா போனால் ஆட்டக்காரனும் போனான், கூத்தும் போயிற்று.

கல்லடி மண்ணுக்கு இவ்வுண்மை புதிதன்று. இங்கே கல்லடி உப்போடையிலே துயில்கொள்ளும் சுவாமி விபுலானந்தர், வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழை இலக்கியச் சான்றுகளிலிருந்து மீட்டெடுத்து, 1947இல் 'யாழ் நூல்' தந்தார். நூல்களில் இலக்கணம் எஞ்சியிருந்தமையால் யாழின் உருவத்தையும் சுருதியையும் அவரால் மீட்க முடிந்தது. அதனை வாசித்த பாணனின் விரலை மீட்க விபுலானந்தராலும் முடியவில்லை, எவராலும் முடியாது. அக்காலத்தில் ஒலிப்பதிவு இல்லை. ஆகவே பாணர்மீது குறை சொல்ல இடமில்லை. நம் காலத்தில் ஒலிப்பதிவு இருந்தது. நம்மீது குறை சொல்ல இடமுண்டு. கல்லடிப் பாலத்தின் கீழ்ப் பாடும் மீன்களின் ஓசையையே அருட்தந்தை லாங் ஒலிப்பதிவு செய்ய, அதனை வானொலியும் ஒலிபரப்பியது. மீனின் குரலுக்கு இருந்த மதிப்பு மனிதக் குரலுக்கு இல்லையா?

இனி, எழக்கூடிய ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

'நெல்லுக்கு விலையில்லை, பசளைக்குக் காசில்லை, மேய்ச்சற் தரைக்குப் பாதுகாப்பில்லை. இந்நிலையில் நாடகக் கதை எதற்கு?' என்று விவசாயப் பெருமக்கள் கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் உங்கள் வீட்டுப் பெட்டகத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதற்குள் முதன்முதலாக எதைப் பூட்டி வைத்திருக்கின்றீர்கள்? காணி உறுதியை. உறுதியை எவரும் அவித்து உண்பதில்லை. ஆயினும் வெள்ளம் வந்தால் நெல் மூட்டைக்கு முன்னர் உறுதியைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகின்றோம். உறுதி இல்லாதவனின் காணிக்கு என்ன நேரும் என்பதைக் கிழக்கு மாகாணத்து விவசாயிக்கு எந்தச் சட்டத்தரணியும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு மக்களின் பேச்சுக்கும் சிரிப்புக்கும் உறுதி அவர்களது ஒலிப்பதிவுகளே.

'அந்நாடகங்கள் மற்றவரின் பேச்சைக் கேலி செய்தவைதாமே, அவற்றைக் காப்பானேன்?' என்பார் வேறு சிலர். கேலி இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் நால்வரும் சமமாகக் கேலிக்கு ஆளானார்கள். ஒருவனை மட்டும் நிறுத்தி மூவர் சிரிப்பது அவமதிப்பு. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பது தோழமை. குறை சொல்வதாயின் நான் வேறு குறை சொல்வேன். அந்த நால்வரில் மட்டக்களப்பான் இல்லை. பேச்சுத் தமிழ் வழக்குகளுள் இலக்கியத் தமிழுக்கு மிகவும் நெருங்கியது மட்டக்களப்புத் தமிழ் என்று செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் எழுதினார். அத்தகைய பேச்சுக்கு அங்கே ஐந்தாவது நாற்காலி கிடைக்கவில்லை. இக்குறையைத் தீர்க்க வழி பழையதை அழிப்பதன்று. நம்மவர் பேசிய பதிவுகளையும் தேடிச் சேர்ப்பதும், நம் பேச்சில் இனிமேலேனும் நாடகம் எழுதுவதுமே.

மூன்றாவது ஆட்சேபம் இக்காலத்துக்கே உரியது. 'செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. மறைந்தவரின் குரலை இயந்திரமே பேசிவிடும். பழைய நாடாக்கள் எதற்கு?' என்கின்றார்கள் இளைஞர்கள். நண்பர்களே, இயந்திரம் பேச வேண்டுமானாலும் அதற்குக் காட்டுவதற்கு மூலக்குரல் வேண்டும். அதனினும் முக்கியமானது, இறந்தவர் சொல்லாததை அவர் குரலிற் சொல்லவைப்பது என்ன செயல் என்பது. இறந்தவரின் கையொப்பத்தைப் போட்டு எழுதும் கள்ள உறுதியை நம் ஊர்களில் எல்லோரும் அறிவர். அதனைப் பிடிப்பது எப்படி? மூலக் கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான். மூலத்தை அழியவிட்டவன் கள்ள உறுதிக்குக் கதவைத் திறந்துவிட்டவனாவான். நாளை யாரோ ஒருவர் மரிக்காரின் குரலிலேயே முஸ்லிம்களைப் பழிக்கும் வசனத்தை இயந்திரத்தால் உண்டாக்கினால், அவர் அவ்வாறு பேசியவரல்லர் என்று நிறுவ நம்மிடம் என்ன இருக்கும்?

சட்டத்தின் நிலையையும் சற்று நோக்குவோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், எழுதியவரின் உரிமையை அவரது வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் காக்கின்றது. நடித்தவரின் ஆற்றுகைக்கோ, ஆற்றிய ஆண்டின் பின்னர் 50 ஆண்டுகள் மட்டுமே பாதுகாப்பு. எழுதுகோலுக்குக் கொடுத்த காலத்தைச் சட்டம் குரலுக்குக் கொடுக்கவில்லை. 1970களின் நடுப்பகுதியில் ஒலித்த குரல்களுக்கு அக்கணக்கு இப்போதே முடிந்துகொண்டிருக்கின்றது. முடிந்தபின் யார் எடுத்து விற்றாலும், அக்கலைஞரோ குடும்பத்தாரோ சட்டத்தைக் காட்டித் தடுக்க இயலாது. ஆகவேதான் மறைந்தவர்களின் குரலிலே பயன் காண்போர் அவர்களது குடும்பங்களுக்கு ஒரு பங்கு கொடுப்பது சட்டக் கடன் முடிந்தபின்னும் தர்மக் கடனாக நிற்கும் என்பதை இப்போதே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பறிபோனது மீளாது என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பி.பி.சி.யே 1960களிலும் 1970களிலும் தன் பழைய நாடாக்களை அழித்துப் புதிய நிகழ்ச்சிகளைப் பதிந்த நிறுவனம். 'டொக்டர் ஹூ' என்னும் புகழ்பெற்ற தொடரின் பல அங்கங்கள் அவ்வாறு அழிந்தன. பின்னர் இரசிகர்கள் உலகெங்கும் தேடினார்கள். 2013இல் நைஜீரியாவின் ஜொஸ் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்றிற் கிடந்த சுருள்களிலிருந்து ஒன்பது அங்கங்கள் மீண்டன. இலண்டனில் அழிந்தது ஆபிரிக்காவிற் கிடைத்தது. அவ்வாறாயின் கொழும்பில் அழிந்தது ரொறன்ரோவிலும் பாரிசிலும் சென்னையிலும், ஏன், களுவாஞ்சிக்குடியிலும் கொக்கட்டிச்சோலையிலும் கிடைக்கக்கூடாதா? வானொலிக்கு முன்னால் கசெற் பெட்டியை வைத்து நாடகம் பதிந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். அவர்களது அலுமாரிகளும் பரண்களும் நமது ஜொஸ் நகரங்கள்.

ஆகவே செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, பட்டியல். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடமும் ரூபவாஹினியிடமும் எந்தெந்தத் தமிழ் நாடகங்களின் பதிவுகள், எத்தனை அங்கங்கள், எந்நிலையில் உள்ளன என்பதை நாம் கேட்டுப் பெறவேண்டும். இதற்குக் கும்பிட்டு நிற்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்குக் கைகொடுக்கும். தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கின்றீர் என்று காரணம் கூறவேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மறுத்தால் ஆணைக்குழு. மனுவை எழுதித் தருவதற்குச் சட்டத்தரணிகள் காசு கேட்கலாகாது.

இரண்டாவது, பிரதி. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்தால் என்ன நேரும் என்பதை 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம் நமக்குக் கற்பித்தது. கொழும்பில் உள்ளவற்றின் எண்ணியற் பிரதி ஒன்று கல்லடியிலே, சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இருக்கவேண்டும். இசையும் நாடகமும் கூத்தும் பயிலும் மாணவர் உள்ள இடமே குரல்களுக்கு உரிய இடம். பிரதி கொடுப்பதால் மூலம் குறையாது.

மூன்றாவது, வீட்டுத் தேடல். கிராம அபிவிருத்திச் சங்கம், விவசாயச் சம்மேளனம், ஆலய பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம் ஆகிய எல்லாமே இதிற் கைகோக்கலாம். பழைய கசெற் ஒன்று கிடைத்தால், அதனை ஒலிக்கவிட்டுப் பார்க்க அவசரப்பட்டுப் பழுதான பெட்டிக்குள் இடவேண்டாம். நாடா சிக்கி அறுந்துவிடும். உலர்ந்த நிழலிலே, காந்தத்துக்கும் வெயிலுக்கும் எட்டாமல் வைத்து, அறிந்தவரிடம் கொடுங்கள். தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் தேடுங்கள். நால்வரில் எவர் குரல் எவர் வீட்டில் இருக்கின்றதென்று யார் கண்டார்?

நான்காவது, உயிரோடிருப்பவர்கள். மீள்கூடல் ஒன்று வேண்டுமானால் அதனைக் கல்லறைகளுக்கு முன்னால் நடத்த முடியாது. அந்நாளைய வானொலிக் கலைஞர்களில் இன்றும் நம்மோடு இருப்போரை அழைத்து, பழைய அங்கங்கள் கிடைத்தால் அவர்கள் முன்னிலையில் ஒலிக்கச் செய்து, அவர்கள் சொல்வதையெல்லாம் பதிந்துகொள்ள வேண்டும். பொன்னாடை போர்த்திப் புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுவது மரியாதையன்று. அவர்களது வரவுக்கும் உழைப்புக்கும் உரிய ஊதியத்தை எண்ணிக் கொடுப்பதே மரியாதை.

அமெரிக்கர் தம் வழக்கறிஞரைப் 19 ஆண்டுகளுக்குப் பின் திரும்ப அழைத்தார்கள், அவர் வந்தார். நமது நால்வரை முழுமையாக அழைக்கும் காலம் கடந்துவிட்டது. இனி அழைக்கக்கூடியது அவர்களது குரலை மட்டுமே. அக்குரல் எங்கேயோ ஓர் ஈரமான அறையில், பெயர் எழுதப்படாத பெட்டியொன்றில், உதிர்ந்துகொண்டிருக்கலாம். வருகின்ற மாரிக்கு முன்னர் முதல் மனுவை எழுதி அனுப்புவோம். தயங்குபவர்கள் இந்த நாட்டின் மழையையும் கறையானையும் நினைத்துக்கொள்ளட்டும். அவை தவணை கேட்பதில்லை.